கேட்டுக்கு உள்ளே ஒரு விலாசம், வெளியே ஒரு விலாசம்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் நண்பர்கள் கேட்டபோது முதலில் ஒளிந்துகொண்டேன். கவிதை எனக்கு வராது. எங்கள் வீட்டில் படிப்பு என்று போனவன் நான்தான் முதல் ஆள். அப்பா டிரெய்லர் ஓட்டுகிறார், அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறார். ஆகவே போன விடுமுறையில் டிரெயினிங் போன இடத்தில் நான் பார்த்ததை, கெடுத்ததை, பிறகு சரி செய்ததை அப்படியே எழுதுகிறேன். விஷயம், மொபைலில் ஆபீஸ் மெயில் பார்ப்பது. இதில் என்ன இருக்கிறது, ஆப் போட்டால் வந்துவிடுமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திருவொற்றியூர் தாண்டி மணலி போகும் வழியில் ஒரு கண்டெய்னர் யார்டு. அப்பா வண்டிக்கு அங்கேதான் அதிகம் லோடு. அப்பா போய்ச் சொன்னதால் என்னை ஆறு வாரம் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வாரமே ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். அரை மணிக்கு ஒரு தரம் சூப்பர்வைசர் யாராவது கேட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போவார். டீ குடிக்க மாட்டார். போனை எடுத்து வைஃபையை அணைப்பார், இரண்டு நிமிஷம் பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார். விசாரித்தால், "உள்ள மெயில் வராதுப்பா, வெளிய வந்தாதான் வரும்" என்றார்கள். உள்ளேயே வைஃபையை அணைக்கலாமே என்றால், அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில் மொபைல் சிக்னல் பேருக்குக்கூட இல்லை. இப்படிப் போய் வந்த ஒரு சூப்பர்வைசருக்கு, வேலை நேரத்தில் வெளியே திரிகிறார் என்று மெமோவே கொடுத்துவிட்டார்கள்!

இதில் எங்கள் வீடும் மாட்டிக்கொண்டது. ஏற்றுமதிப் பெட்டியைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோக பாரம் 13 வேண்டும். அங்கே அது மெயிலில்தான் வரும். ஒரு நாள் சாயங்காலம் மெயில் வந்துவிட்டது, ஆனால் சூப்பர்வைசர் உள்ளே வேலையாக இருந்ததால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தார். அதற்குள் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. அந்த ராத்திரி முழுக்க அப்பா ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடியே கிடந்தார். காலையில் வீட்டுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "நீ கம்ப்யூட்டர்தானேடா படிக்கிற? அது இன்னாத்துக்கு உள்ள மட்டும் வர மாட்டேங்குது?"

நான்கு செமஸ்டர் முடித்தவனுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பதில் ஒரே வார்த்தையில் இருக்கிறது: பெயர். நாம் போனில் "மெயில்.கம்பெனி.காம்" என்று போடுகிறோம் (உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை). போனுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு அடி நகர முடியாது. அதற்கு ஐ.பி. எண் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர்.

நம்ம ஏரியாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. சென்னையில் பாதி வீட்டில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டு எண் எழுதியிருக்கும். எண் மாறும், வீடு மாறாது, தெருக்காரர்கள் சொல்லும் பெயரும் மாறாது. நாங்கள் இருக்கும் காலாடிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. காலெட்பேட்டை வாய்க்கு வாய் தேய்ந்து காலாடிப்பேட்டை ஆகி, இன்று மெட்ரோ ஸ்டேஷன் போர்டிலும் ஏறிவிட்டது. எண்ணூர் துறைமுகத்துக்கு 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். டிரைவர்கள் இன்றும் எண்ணூர் போர்ட் என்றுதான் சொல்கிறார்கள், வண்டியும் சரியாக அங்கேதான் போய் நிற்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதை டி.என்.எஸ்.சிலும் வைத்திருக்கிறார்கள். அதற்கு 'சி நேம்' என்று பெயர், அதாவது மாற்றுப்பெயர்.

பெயர் தேடும் பயணம் சுவாரசியமானது. போன் தன் பக்கத்திலுள்ள டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால் அது ரூட் சர்வரிடம் போகும். ரூட் சர்வர், "எனக்குத் தெரியாது, ஆனால் .காம் பார்க்கிறவர் இவர்" என்று காட்டும். .காம் சர்வர், "அந்தக் கம்பெனியின் கணக்கை வைத்திருப்பவர் அவர்" என்று காட்டும். அந்த மூன்றாவது ஆள்தான் எண்ணைச் சொல்வார். புது ஆள் ராயபுரத்தில் இறங்கி வீடு தேடும் கதைதான். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் மார்க்கெட்டைக் காட்டுவார்கள், மார்க்கெட்டில் கேட்டால் தெருவைக் காட்டுவார்கள், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர்தான் வீட்டைக் காட்டுவார். ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை மொத்தம் 13 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் உலகம் முழுக்க நகல்கள் உண்டு. 'எஃப்' ரூட்டின் ஒரு நகல் நம்ம சென்னையிலேயே வைக்கப்பட்டது என்பதைப் படித்தபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது!

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் எல்லாப் பெயரும் ஒரே ஒரு பைலில் இருந்தன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புது கம்ப்யூட்டர் வந்தால் அவர்களிடம் சொல்லிச் சேர்க்க வேண்டும், மற்றவர்கள் பைலைக் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் பெருகியதும் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ்.சை வடிவமைத்தார். நம் ஊருக்கு விஎஸ்என்எல் மூலம் பொதுமக்களுக்கான இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். பம்பாய், டெல்லி, கல்கத்தாவோடு அன்றைய மதராசிலும் அன்றே ஆரம்பித்தார்கள். இப்போது .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே பெயர் முடியலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறோம்.

பெயர் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒரு ராத்திரி பார்த்தது. 2021 அக்டோபர் 4-ம் தேதி, நம் நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. அந்தக் கம்பெனியின் டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழியே இன்டர்நெட்டிலிருந்து மறைந்துவிட்டது. யாருக்கும் எண் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் அன்று பல பேர் போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது யார்டுக்கு வருவோம். அந்தக் கம்பெனி மெயில் சர்வரைத் தன் ரூமிலேயே வைத்திருக்கிறது. (கூகுள், மைக்ரோசாஃப்ட் மாதிரி வெளி இடத்தில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி வராது. அவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்!) ரூமில் இருக்கும் சர்வருக்கு எண் 192.168.1.10. இது வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர் மாதிரி, வெளியே செல்லாது. ஏன் இப்படி? பழைய முறை ஐ.பி. எண்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான், எல்லா மெஷினுக்கும் ஆளுக்கு ஒன்று தர முடியாது. அதனால் 192.168 என்று ஆரம்பிப்பவை, 10 என்று ஆரம்பிப்பவை போன்ற சில எண்களை யார் வேண்டுமானாலும் தங்கள் காம்பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இப்போதுள்ள விதி 1996-ல் வந்தது. வெளியுலகத்துக்கு கம்பெனி மொத்தத்துக்கும் ஒரே எண். 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் ரௌட்டரின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. மெயிலுக்கு என்று யாராவது வந்து தட்டினால் ரௌட்டர் அவரை 192.168.1.10-க்கு அனுப்பி வைக்கும். கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் தாத்தா செய்யும் அதே வேலை.

டீக்கடையில் நிற்கும் போன் "மெயில்.கம்பெனி.காம் எங்கே?" என்று கேட்டது. 203.0.113.25 என்று பதில் வந்தது. போனது, தட்டியது, மெயில் வந்தது. சரி. அதே போன் உள்ளே வைஃபையில் நின்று கேட்டாலும் அதே 203.0.113.25-தான் பதில். இங்கேதான் கோளாறு.

நன்றாகக் கவனியுங்கள், எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆயிற்று. உள்ளே இருக்கும் போனின் எண் 192.168.1.57. அது ரௌட்டரிடம் போய் "203.0.113.25-க்குப் போகணும்" என்கிறது. அது தன் சொந்த வெளி எண்தான் என்பதால் ரௌட்டர் அப்படியே திருப்பி 192.168.1.10-க்கு அனுப்புகிறது. மெயில் சர்வர் கடிதத்தைப் பிரிக்கிறது. அனுப்பியவர் யார்? 192.168.1.57. அட, நம்ம காம்பவுண்டு ஆள்! ரௌட்டர் வழியாகப் போவானேன் என்று நேராகவே பதில் போட்டுவிடுகிறது. போனுக்கு இப்போது 192.168.1.10 என்ற ஆளிடமிருந்து பதில் வருகிறது. போன் விழிக்கிறது. "நான் கேட்டது 203-ஐ, நீ யார்?" என்று அந்தப் பதிலைத் தூக்கிக் குப்பையில் போடுகிறது. மறுபடி கேட்கிறது, மறுபடி இதே கதை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் மெயில் வரவில்லை.

சில ரௌட்டர்களில் இதற்கே ஒரு வசதி உண்டு. உள்ளிருந்து வந்த கடிதத்தில் அனுப்பியவர் பெயரையும் ரௌட்டர் தன் பெயராக மாற்றிவிடும், பதில் ரௌட்டர் வழியாகவே திரும்பும். கொண்டை ஊசி வளைவு என்று அதற்குப் பெயர். அங்கே இருந்த பழைய ரௌட்டரில் அது இல்லை.

வாரம் ஒரு நாள் வரும் சிஸ்டம் அட்மின் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப உள்ள இருக்கறவனுக்கு ஏன் வெளி விலாசத்தைச் சொல்லணும்?" என்றார். அவ்வளவுதான் விஷயம்! எங்கள் சந்துக்குள் நின்றுகொண்டு ஆயா வீடு எது என்று கேட்பவனுக்கு, "பஸ் ஏறி காலாடிப்பேட்டையில் இறங்கு" என்று யாரும் சொல்வதில்லை. "அதோ, மூணாவது கதவு" என்பார்கள். ஆபீஸுக்கு என்று உள்ளேயே ஒரு டி.என்.எஸ். சர்வர். உள்ளிருந்து கேட்டால் 192.168.1.10 என்று சொல்லும். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு வெளி டி.என்.எஸ். வழக்கம்போல 203.0.113.25 என்று சொல்லும். பெயர் ஒன்று, பதில் இரண்டு. போனில் எதையும் மாற்ற வேண்டாம், கேட்டுக்கு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அதே பெயர்தான். இதை ஸ்ப்லிட் டி.என்.எஸ். என்பார்கள்.

போனிலேயே 192.168.1.10 என்று எண்ணைப் போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடியுமே என்று நான் கேட்டேன். அண்ணன் முறைத்தார். முதல் காரணம், கேட்டைத் தாண்டியதும் அது வேலை செய்யாது. அதைவிடப் பெரிய காரணம் சர்ட்டிபிகேட். மெயில் சர்வர் தன்னை நிரூபிக்க ஒரு அடையாள அட்டை காட்டும். அதில் எழுதியிருப்பது பெயர். போன் தேடிய பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் போன் நம்பும். எண்ணைப் போட்டுத் தேடினால், "இந்த ஆள் வேறு யாரோ" என்று எச்சரிக்கை வரும். ஜனங்கள் அவசரத்தில் 'தொடரவும்' என்பதை அழுத்திப் பழகிவிடுவார்கள். அப்புறம் உண்மையிலேயே திருடன் வந்து நின்றாலும் அதையே அழுத்துவார்கள்.

இனி நான் கெடுத்த கதை. அண்ணன் அடுத்த வாரம் வந்து செய்வதாகச் சொன்னார். அப்பா மறுபடி ஒரு ராத்திரி ரோட்டில் கிடக்கக் கூடாது என்று எனக்கு அவசரம். ஆபீஸில் ஏற்கெனவே ஒரு சர்வரில் டி.என்.எஸ். ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அனுமதி வாங்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். "கம்பெனி.காம்" என்று ஒரு ஜோன் உண்டாக்கி, அதற்குள் "மெயில்" என்று ஒரே ஒரு பதிவு போட்டேன். ஒரு போனில் சோதித்தேன். உள்ளேயே மெயில் கொட்டியது! வாட்ச்மேன் தாத்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸே கத்தியது. கம்பெனியின் வெப்சைட் உள்ளே யாருக்கும் திறக்கவில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பக்கமும் திறக்கவில்லை. வெளியே வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் நன்றாக வருகிறது, உள்ளே மட்டும் இல்லை. என்ன ஆயிற்று தெரியுமா? "கம்பெனி.காம்" ஜோனை நான் உண்டாக்கிய நிமிஷத்திலிருந்து, அந்தப் பெயரில் முடியும் எல்லாவற்றுக்கும் தானே அதிகாரி என்று உள் சர்வர் நினைத்துக்கொண்டது. வெப்சைட்டின் பெயரைக் கேட்டதும் தன் நோட்டைப் பார்த்தது. மெயில் ஒன்றுதான் இருந்தது. "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று சொல்லிவிட்டது. வெளியே போய் யாரையும் கேட்கவே இல்லை. எனக்குக் கை கால் நடுங்கியது. அப்பா சிபாரிசில் வந்தவன் வேறு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். திட்டவில்லை. இரண்டு வழி சொன்னார். ஒன்று, வெளி டி.என்.எஸ்.சில் இருக்கும் அத்தனை பெயரையும் உள்ளேயும் எழுதி வைப்பது. ஆனால் வெளியே எது மாறினாலும் உள்ளேயும் மாற்ற வேண்டும், ஒருவர் மறப்பார். இரண்டாவது வழி, ஜோனுக்கே "மெயில்.கம்பெனி.காம்" என்று முழுப்பெயர் வைத்து, அதன் தலைப்பில், பெயர் எதுவும் எழுதாமல், 192.168.1.10-ஐப் போடுவது. அப்போது அந்த ஒரு பெயருக்கு மட்டும்தான் அது அதிகாரி, மற்றதற்கெல்லாம் வெளியே கேட்கும். இதைச் செய்தேன். பத்து நிமிஷத்தில் வெப்சைட் வந்துவிட்டது. ஒரு சில கம்ப்யூட்டர்களில் மட்டும் "கிடையாது" என்ற பழைய பதில் ஞாபகத்தில் இருந்ததால் அந்த ஞாபகத்தை அழிக்க வேண்டியிருந்தது.

முடிந்தது என்று பார்த்தால், இன்னொன்று. இரண்டு சூப்பர்வைசர்கள், "நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரலை" என்றார்கள். கொஞ்ச நேரத்தில், "இப்ப வருது" என்றார்கள். ஒழுங்காக வேலை செய்வதையும் பிடித்துவிடலாம், ஒழுங்காகக் கெட்டதையும் பிடித்துவிடலாம், இந்த மாதிரி விட்டு விட்டுக் கெடுவதைத்தான் பிடிக்க முடியாது. கடைசியில் என்எஸ்லுக்கப் கட்டளை போட்டுப் பார்த்ததில் ஒரு தரம் 192, ஒரு தரம் 203 வந்தது. போன்களுக்கு எண் கொடுக்கும் டிஎச்சிபி அமைப்பில், முதல் டி.என்.எஸ். உள் சர்வர், இரண்டாவது டி.என்.எஸ். பாதுகாப்புக்காகக் கூகுளின் 8.8.8.8 என்று யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்தார்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று நாம் நினைக்கிறோம். போன் அப்படிக் காத்திருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 8.8.8.8-க்கு நம் உள் விலாசம் எப்படித் தெரியும்? அதை எடுத்துவிட்டதும் நோய் போயிற்று.

அப்படியும் ஒரே ஒரு போன் அடம் பிடித்தது. ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று ஒரு அமைப்பு உண்டு, 2018-ல் ஒன்பதாவது பதிப்போடு வந்தது. விளம்பரம் வராமலிருக்க அதில் ஒரு வெளி சர்வரின் பெயரைப் போட்டிருந்தார் அந்த அண்ணன். எந்த வைஃபையில் இருந்தாலும் அந்தப் போன் அந்த ஆளைத்தான் கேட்கும், உள் சர்வரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது டீக்கடைக்குப் போகிறவர்கள் டீ குடிக்கத்தான் போகிறார்கள். அந்த மெமோவை மட்டும் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மெயில் உள்ளே வராததால்தான் போனார் என்று அண்ணனும் நானும் போய்ச் சொன்னோம். பார்க்கலாம் என்றார்கள்.

அந்த யார்டில் அடுத்து இன்டர்நெட் லைனை மாற்றப் போகிறார்கள். வெளி எண் மாறும், 203.0.113.25 போய் வேறொன்று வரும். பழைய எண் புதிய எண் கதைதான். ஒவ்வொரு டி.என்.எஸ். பதிலோடும் இதை எத்தனை வினாடி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு வரும், அதற்கு டிடிஎல் என்று பெயர். இப்போது அது 86,400 வினாடி, அதாவது முழுதாக ஒரு நாள். அப்படியே விட்டு எண்ணை மாற்றினால், வெளியே இருக்கும் சில போன்கள் ஒரு நாள் முழுக்கப் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு நாள் முன்னாலேயே அதை 300 வினாடியாகக் குறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எண்ணை மாற்றுவது என்று அண்ணன் முடிவு செய்திருக்கிறார். உள் டி.என்.எஸ்.சில் எதுவும் மாறாது, அங்கே 192.168.1.10-தான். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அப்பாவுக்கும் லீவு. "நானும் வர்றேன்டா, அந்தப் பொட்டி எங்க கீதுன்னு காட்டு" என்கிறார்.